செயினுக்கும் டிஸ்க்குக்கும் காப்பு: குவாட் ஓட்டுபவர்களின் கேள்விகளுக்குப் பட்டறையிலிருந்து பதில்கள்

போன மாதம் குவாட் வண்டிகளின் பின்பக்கத்தில் செயினும் பிரேக் டிஸ்க்கும் கல்லில் அடிபடாமல் இருக்க அடியில் போடும் காப்புத் தகடுகள், அதாவது செயின் கார்டு, டிஸ்க் கார்டு பற்றி எழுதியிருந்தேன். ஷார்ஜாவில் என் பட்டறையில் அன்றாடம் செய்கிற வேலை அது. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை இந்த மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். குவாட் என்பது மணலிலும் கல்லிலும் ஓட்டும் நான்கு சக்கர வண்டி, இங்கே நான் சொல்வது அதில் ஸ்போர்ட் வகையை. பின்னால் ஒரே ஆக்ஸில், அதில் ஒரு பக்கம் ஸ்ப்ராக்கெட், இன்னொரு பக்கம் பிரேக் டிஸ்க், எல்லாவற்றையும் தாங்க ஒரு ஸ்விங்ஆர்ம், அதாவது பின் சக்கரங்களோடு மேலும் கீழும் ஆடும் கை. செயின் இல்லாமல் ஷாஃப்டில் ஓடும் பண்ணை வண்டிகளுக்கு இந்தக் கவலை கிடையாது.

கேள்வி: அண்ணா, அல் பதாயர் பக்கம் வாடகைக் குவாட் விடும் இடத்தில் மெக்கானிக்காக இருக்கிறேன். எல்லாம் யமஹா ராப்டர் 700. அடியில் கனமான அலுமினியத் தகடு போட்டே ஆக வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். வண்டியோடு வந்த காப்பே போதும் என்கிறார் முதலாளி. யார் சொல்வது சரி?
(ஷார்ஜா வாசகர்)

தம்பி, வண்டி எங்கே ஓடுகிறது என்பதை வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். பிக் ரெட் மணல்மேட்டைச் சுற்றி மணலிலேயே போய்த் திரும்பும் வண்டி என்றால் உங்கள் முதலாளி சொல்வது சரி. மணலில் அடிபடுவதற்கு எதுவும் இல்லை. கனத் தகடு போட்டால் அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மணல் தங்கும், டிஸ்க்கும் பேடும் வீணாகத் தேயும். கம்பெனி கொடுத்த காப்புகள் ஒன்றுவிடாமல் மாட்டியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அதே வண்டி ஹத்தா பக்கமோ ராஸ் அல் கைமா மலையடிவாரத்து வாடிகளுக்கோ (கல் நிறைந்த வறண்ட ஆற்றுப்படுகைகள்) போகிறது என்றால் கதை வேறு. கணக்குப் போட்டே காட்டுகிறேன். பின் டயர் 20 இன்ச், அதாவது 508 மில்லிமீட்டர். பாதி 254. ஆக்ஸிலின் நடு மையம் தரையிலிருந்து அவ்வளவு உயரம், அதுவும் ஆள் ஏறாதபோது. ஸ்ப்ராக்கெட் 38 பல், செயின் 520 என்ற அளவு. பல்லுக்குப் பல் 15.875 மில்லிமீட்டர். அந்த 38 பல்லும் செயினும் சேர்ந்து ஆக்ஸில் மையத்துக்குக் கீழே ஏறக்குறைய 104 மில்லிமீட்டர் இறங்கி நிற்கும். மிச்சம் 150. குறைந்த காற்றில் ஓடும் டயர் ஆள் ஏறியதும் அமுங்கும், அதில் இன்னும் கொஞ்சம் போய்விடும். வாடியில் கிடக்கும் உருண்டைக் கற்களில் பல இதைவிடப் பெரியவை.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. ஷாக்அப்சார்பரை எவ்வளவு ஏற்றி வைத்தாலும் இந்த உயரம் மாறாது. சக்கரமும் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே ஆக்ஸிலில் இருப்பதால் சக்கரம் நிற்கும் இடத்திலிருந்து ஸ்ப்ராக்கெட் தொங்கும் அளவு எப்போதும் ஒன்றுதான். ஷாக் ஏற்றினால் இன்ஜினும் ஃபிரேமும்தான் உயரும். ஸ்ப்ராக்கெட் உயர வேண்டும் என்றால் பெரிய டயர் போட வேண்டும், இல்லை சின்ன ஸ்ப்ராக்கெட் போட வேண்டும். இரண்டுமே கியர் விகிதத்தை மாற்றிவிடும், வாடகை வண்டிக்கு அந்த வேலை வேண்டாம். வாடிக்குப் போகும் வண்டிகளை மட்டும் தனியாகப் பிரித்து அவற்றுக்கு கார்டு போடுங்கள். மணல் வண்டிகளை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: தகடு எதில் செய்வது நல்லது? இங்கே ஒரு பட்டறையில் இரும்பு என்கிறார்கள், இன்னொன்றில் அலுமினியம், ஆன்லைனில் பிளாஸ்டிக் விற்கிறார்கள். நான் ஓட்டுவது முழுக்கக் கல்காடு.
(நிஸ்வா, ஓமான்)

300க்கு 220 மில்லிமீட்டர் அளவில் ஒரு தகடு என்று வைத்துக்கொள்வோம். 3 மில்லிமீட்டர் இரும்பில் அது ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். 6 மில்லிமீட்டர் அலுமினியத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். யூ.ஹெச்.எம்.டபிள்யூ. என்ற கெட்டி பாலிஎதிலீனில் 12 மில்லிமீட்டர் கனத்துக்குப் போனாலும் முக்கால் கிலோதான். இந்த எடை ஸ்பிரிங்குக்கு மேலே இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஸ்விங்ஆர்மின் கடைசியில், ஆக்ஸிலோடு சேர்ந்து குதிக்கும் இடத்தில் உட்காருகிறது. கல் மேல் கல்லாக ஏறி இறங்கும்போது ஷாக் அந்த எடையையும் சேர்த்துத்தான் அடக்க வேண்டும்.

அதனால் கல்காட்டுக்கு நான் செய்வது அலுமினியத் தகடும் அதன் அடியில் யூ.ஹெச்.எம்.டபிள்யூ. பலகையும். இந்த பிளாஸ்டிக் கல்லில் வழுக்கும். அலுமினியம் மட்டும் இருந்தால் கல் அதைக் கடித்துப் பிடிக்கும், வண்டி சட்டென்று நிற்கும், ஆள் முன்னால் போவான். கொஞ்ச நாள் ஓடிய அலுமினியக் கார்டு ஒன்றைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் நீளவாக்கில் பள்ளம் பள்ளமாக உழுதிருக்கும். முன் விளிம்பு நசுங்கிப் பிதுங்கி மெல்லிய தகட்டுச் சுருளாக மேல்நோக்கி மடிந்திருக்கும், விரலை வைத்தால் அறுக்கும். அந்தச் சுருள்தான் கடைசியில் டிஸ்க்கைத் தொட்டுக் கீறுகிறது. அடியில் பிளாஸ்டிக் போட்டால் அது தேய்ந்ததும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

டிஸ்க் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. இந்த பிளாஸ்டிக் 130 டிகிரி வாக்கில் உருகிவிடும், அதற்கு முன்பே தளர்ந்துபோகும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் 200 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பிளாஸ்டிக்கை அலுமினியத்துக்கு அடியில்தான் வைக்க வேண்டும், டிஸ்க்கைப் பார்த்த பக்கம் வைக்கவே கூடாது.

அலுமினியம் வாங்கும்போதும் கலவையின் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். கடையில் கேட்டவுடனே 6061 டி6 தருவார்கள். வலுவான சரக்குதான், ஆனால் வளைக்க முரண்டு பிடிக்கும். 6 மில்லிமீட்டர் தகட்டைக் கூர்மையாக மடித்தால் வெளிப்பக்கம் வெடிப்பு விழும். உள் வளைவு தகட்டின் கனத்தைப் போல மூன்று நான்கு மடங்கு இருந்தால்தான் தாங்கும். அதை வெட்டி டிக் வெல்டிங்கில் ஒட்டினாலும் சிக்கல், சூடுபட்ட இடத்தில் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். மடிப்பு அதிகம் உள்ள கார்டுக்கு 5052 தகடு எடுத்து பிரஸ்ஸில் மடிப்பது என் வழக்கம். கல் பட்டால் அது வெடிக்காமல் நசுங்கும். நசுங்கியதைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

கேள்வி: ஐயா, கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர் ஒருவரின் நண்பர் ஹோண்டா டி.ஆர்.எக்ஸ். 250ஆர் வைத்திருக்கிறார். செயின் கார்டும் டிஸ்க் கார்டும் செய்து அனுப்பச் சொல்லி நாலைந்து போட்டோ அனுப்பியிருக்கிறார். போட்டோவை வைத்துச் செய்துவிடலாமா? வேலை எடுக்க ஆசையாக இருக்கிறது.
(கோவை)

வேலையை எடுங்கள், ஆனால் போட்டோவை வைத்துத் தகடு வெட்டாதீர்கள். அந்த வண்டி 1986 முதல் 1989 வரை மட்டுமே வந்தது. டூ ஸ்ட்ரோக், இன்றைக்கும் ஆட்கள் உயிராக வைத்து ஓட்டுகிறார்கள். இத்தனை வருடத்தில் எத்தனை கை மாறியிருக்குமோ. நீளமான ஸ்விங்ஆர்ம் போட்டிருப்பார்கள், அகலமான ஆக்ஸில் போட்டிருப்பார்கள், ஸ்ப்ராக்கெட் பல் மாறியிருக்கும், பிரேக் பேடைப் பிடிக்கும் காலிப்பரே வேறு வண்டியுடையதாக இருக்கலாம். பெயர் ஒன்றாக இருக்கும் இரண்டு வண்டிகளுக்கு ஒரே கார்டு பொருந்தாமல் போவது இதனால்தான். கடையில் தயார்நிலையில் வாங்காமல் உங்களைத் தேடி வருவதற்கும் அதுதான் காரணம்.

அவரிடம் அட்டை கேளுங்கள். ஷூ பெட்டி அட்டை போதும். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்விங்ஆர்மின் அடியில் அட்டையை வைத்து, ஸ்விங்ஆர்ம் குழாயின் ஓரம், பேரிங் கேரியரின் (ஆக்ஸில் பேரிங்குகளைத் தாங்கும் கூட்டின்) ஓரம், போல்ட் துளைகள், ஸ்ப்ராக்கெட்டும் டிஸ்க்கும் இருக்கும் கோடுகள் எல்லாவற்றையும் பேனாவால் வரைந்து, வெட்டி, அதையே திரும்ப வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். தபாலில் வரும் அட்டைதான் உங்களுக்கு டிராயிங். கூடவே வெர்னியரில் எடுத்த அளவுகள் வேண்டும்: ஸ்விங்ஆர்ம் குழாயின் குறுக்களவு, ஆக்ஸில் மையத்திலிருந்து செயினின் வெளி விளிம்பு, டிஸ்க்கின் வெளி விளிம்பு, இரண்டுக்கும் கேரியர் முகத்திலிருந்து உள்ள தூரம்.

அளவெடுக்கும் முன் அவர் ஒன்று செய்ய வேண்டும். பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கட்டும். ஆடினால் பேரிங் போயிருக்கிறது, இல்லை ஆக்ஸில் நட் தளர்ந்திருக்கிறது. அந்த நிலையில் எடுத்த டிஸ்க் அளவு பொய். பேரிங் மாற்றிய மறுநாளே டிஸ்க் கார்டில் உரசும்.

அப்புறம் செயின் அட்ஜஸ்ட்மென்ட். இதைக் கவனிக்காமல் செய்த கார்டுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். செயின் நீள நீள ஆக்ஸிலைப் பின்னால் தள்ளுவார்கள். பல குவாட்களில் பேரிங் கேரியரையே சுற்றித்தான் செயினை இறுக்குவார்கள். கேரியருக்குள் ஆக்ஸில் மையம் விலகி இருக்கும், சுற்றும்போது அது பின்னால் போவதோடு மேலேயோ கீழேயோ போகும். ஸ்விங்ஆர்மில் முடுக்கிய கார்டு அங்கேயே நிற்கும், ஸ்ப்ராக்கெட் மட்டும் அதை நெருங்கி வரும். கேரியரில் முடுக்கினால் கார்டும் கூடவே சாய்ந்து முன் விளிம்பு தரையைப் பார்க்கும். அதனால் செயின் புதிதாக இருக்கும் நிலை, முழுக்க இழுத்த நிலை, இரண்டிலும் அளவு கேட்டு வாங்குங்கள். இரண்டு நிலையிலும் செயினுக்கும் தகட்டுக்கும் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி செய்யுங்கள்.

கார்டை கேரியரின் இறுக்கு போல்ட்டில் மாட்டுவது சுலபம், விற்பனைக்கு வருபவற்றில் பல அப்படித்தான் இருக்கின்றன. நான் செய்வதில்லை. கல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த போல்ட்டைத்தான் அசைக்கிறது. அது தளர்ந்தால் கேரியர் சுற்றிக்கொள்ளும், செயின் தொய்ந்துவிடும். ஸ்விங்ஆர்ம் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் இரண்டு பாதி கிளாம்ப் கடைந்து, நடுவில் மெல்லிய ரப்பர் வைத்து, அதில் தகட்டை முடுக்குங்கள். உங்களிடம் லேத் இருக்கிறது, அரை நாள் வேலை. குழாய் சதுரமாக இருந்தால் லேத் கூட வேண்டாம், பட்டை இரும்பில் யு வடிவமாக மடித்தால் போதும்.

முன் விளிம்பை ஏறக்குறைய 30 டிகிரி மேல்நோக்கி மடியுங்கள். பின் விளிம்பையும் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். வண்டி கல்லில் ஏறி நின்றுவிட்டால் ஆட்கள் அதைப் பின்னால்தான் இழுப்பார்கள், அப்போது பின் விளிம்பு கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளக் கூடாது.

கேள்வி: அண்ணை, நாங்கள் ஒன்டாரியோவில் இருக்கிறோம். இங்கே காடும் சேறும்தான். மகன்ர குவாட்டுக்கு டிஸ்க் கார்ட் போட்ட நாளில இருந்து பிரேக் கிறீச்சிடுது, பிடிக்கிறதும் குறைவு. கார்ட்டைக் கழட்டலாமோ?
(ஸ்காபரோ, கனடா)

கழற்ற வேண்டாம், துளை போடுங்கள். சேறு உள்ளே போவதை யாராலும் தடுக்க முடியாது, வெளியே போக வழி இருக்க வேண்டும். இப்போது உங்கள் கார்டு ஒரு தொட்டி போல நின்று சேற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. டிஸ்க் அதிலேயே சுற்றிச் சுற்றி அரைபடுகிறது. டிஸ்க்குக்கு நேர் கீழே நீளவாக்கில் ஒரு காடி வெட்டுங்கள், பின்பக்கம் முழுக்கத் திறந்திருக்கட்டும். ஓரத்தில் வட்டத் துளைகள் போட்டால் குச்சி விட்டுக் குத்திச் சேற்றைத் தள்ளலாம். வெட்டிய ஓரங்களை அரத்தால் மழுக்கிவிட மறக்காதீர்கள், கூர்மூலையில்தான் தகடு கிழியத் தொடங்கும்.

கழற்றும் நேரத்தில் டிஸ்க்கின் கனத்தையும் அளந்து பாருங்கள். எவ்வளவு வரை தேயலாம் என்பது டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும், பேட் மட்டும் மாற்றிப் பயனில்லை. மழைக்காலம் முடிந்து சேறு காய்ந்த பிறகு ஒரு தரம் கார்டை முழுக்கக் கழற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: ஸ்ப்ராக்கெட்டோடு சேர்ந்து சுற்றும் வட்டத் தகட்டுக் கார்டு ஒன்றைப் பார்த்தேன். செயினைவிடப் பெரிய வட்டமாக இருந்தது. அது நல்லதா, அடியில் நிலையாக மாட்டுவது நல்லதா?
(அபுதாபி)

வட்டத் தகடு ஸ்ப்ராக்கெட்டின் பக்கத்திலேயே முடுக்கப்படுவதால் கல் பட்டால் சக்கரம் போல அதன் மேல் உருண்டு ஏறிவிடும். சேறு தங்காது. செயின் அட்ஜஸ்ட்மென்ட் பற்றிக் கவலையே வேண்டாம், ஆக்ஸில் எங்கே போனாலும் அதுவும் கூடப் போகும். இவ்வளவும் நல்லதுதான். ஆனால் அடி நேராக ஸ்ப்ராக்கெட் ஹப்புக்கும் ஆக்ஸிலுக்கும் போகிறது. மெதுவாகக் கல் ஏறும் வண்டிக்கு அது ஒத்துவரும். வேகமாக ஓட்டுபவர் என்றால் வளைந்த ஆக்ஸிலோடு திரும்பி வருவார். ஆக்ஸில் விலைக்குப் பல கார்டுகள் செய்யலாம். வேகமாக ஓட்டுபவர்களுக்கு நான் நிலையான கார்டுதான் செய்து தருகிறேன்.

கேள்வி: சார், என் பையனுக்கு 12 வயது. பழைய சின்ன குவாட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முன்பு வைத்திருந்தவர் எடை குறையும் என்று செயின் கவர், இன்ஜின் பக்கத்து ஸ்ப்ராக்கெட் கவர் எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறார். பாறை இல்லாத மைதானத்தில்தான் ஓட்டுகிறான். திரும்ப மாட்ட வேண்டுமா?
(தோஹா)

இன்றைக்கே மாட்டுங்கள். மாட்டும் வரை சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பொருளுக்கு வரும் சேதத்தைப் பற்றித்தான் பேசினேன், இது விரலும் காலும் சம்பந்தப்பட்டது. செயின் ஸ்ப்ராக்கெட்டுக்குள் நுழையும் இடத்தில் துணி, ஷூ கயிறு, விரல் எது பட்டாலும் உள்ளே இழுத்துவிடும், இன்ஜின் ஐடிலில் இருந்தாலும் சரி. மோட்டோகிராஸ் பந்தய பைக்குகளிலேயே பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் கீழ்ச் செயினுக்கும் நடுவில் எதுவும் சிக்காதபடி காப்பு இருக்க வேண்டும் என்று எஃப்.ஐ.எம். (சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு) விதி இருக்கிறது. எடை குறைப்பதற்கே பாடுபடும் பந்தயக்காரர்களுக்கே அப்படி என்றால் பிள்ளைகள் வண்டிக்குச் சொல்லவே வேண்டாம்.

முன் ஸ்ப்ராக்கெட் கவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஓட்டத்தில் செயின் அறுந்தாலோ கழன்றாலோ முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவில் சுருண்டு திணிந்துகொள்ளும். அலுமினிய கேஸ் உடைந்து ஆயில் கொட்டும். அங்கே ஒரு கனத்த அலுமினியத் துண்டைக் கடைந்து வைத்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும், கேஸ் பிழைக்கும். பழைய கவர் கிடைக்கவில்லை என்றால் உங்கள் ஊர் பட்டறையில் 3 மில்லிமீட்டர் அலுமினியத்தில் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். கால் வைக்கும் பெக்கிலிருந்து பின் டயர் வரை கால் உள்ளே விழாதபடி வலைத்துணி போட்ட நெர்ஃப் பாரும் வேண்டும். பையன் கால் தவறினால் முதலில் போவது பின் டயருக்கு அடியில்தான்.

கேள்வி: கார்டு நன்றாக இருக்கிறது, போல்ட்தான் அடிக்கடி உடைகிறது. இன்னும் வலுவான 12.9 கிரேடு போல்ட் போட்டால் தீருமா?
(புஜைரா)

போடாதீர்கள். உங்கள் போல்ட் உடைந்ததால்தான் ஸ்விங்ஆர்ம் இன்னும் நேராக இருக்கிறது. பலமான அடி வந்தால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். நான் கார்டு செய்யும்போது அந்த வரிசையை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவேன். பிளாஸ்டிக் தேய வேண்டும், அது போனால் தகடு நசுங்க வேண்டும், அதற்கும் மேலே போனால் போல்ட் அறுபட வேண்டும். கிளாம்ப்பும் ஸ்விங்ஆர்மும் தொடப்படக் கூடாது. 12.9 போட்டால் அறுபடுவது போல்ட்டாக இருக்காது, ஸ்விங்ஆர்ம் வெல்டிங் பிளந்து நிற்கும். 8.8 கிரேடு எம்8 போதும்.

அடிக்கடி உடைகிறது என்பதற்குக் காரணம் பெரும்பாலும் தலை வெளியே துருத்திக்கொண்டிருப்பதுதான். கல் தகட்டில் வழுக்கி வந்து போல்ட் தலையில் மோதுகிறது. தகட்டிலோ பிளாஸ்டிக்கிலோ சரிவாகக் குடைந்து சிஎஸ்கே தலை (குடைந்த குழிக்குள் அமரும் கூம்புத் தலை) அலென் போல்ட் போடுங்கள், தலை தகட்டின் மட்டத்துக்கு உள்ளேயே இருக்கட்டும். மேலே நைலான் வளையம் உள்ள நைலாக் நட். டிஸ்க்குக்கு மிக அருகில் நைலான் சூடு தாங்காது, அங்கே மட்டும் முழு உலோக லாக் நட் பாருங்கள். புஜைரா கடலோரம், ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியத்தில் உப்புக்காற்றுப் பட்டுப் பிடித்துக்கொள்ளும். மரையில் ஆன்டிசீஸ் கிரீஸ் தடவிப் போட்டால் அடுத்த முறை கழற்றும்போது துரப்பணம் எடுக்க வேண்டியிருக்காது.

புது போல்ட் போட்டதும் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி ஸ்விங்ஆர்மை மெல்லத் தூக்கிப் பாருங்கள். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் பிவட், ஆக்ஸில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் இடத்தில்தான் செயின் அதிகம் இறுகும். அங்கே வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அங்கேயும் செயினில் கொஞ்சம் தொய்வு மிச்சம் இருக்க வேண்டும். ஸ்விங்ஆர்ம் முழுக்கத் தொங்கும் நிலையிலும் இதே போல ஒரு தரம் சுற்றிப் பாருங்கள். இரண்டு நிலையிலும் செயினும் டிஸ்க்கும் எதிலும் உரசாமல் சத்தமில்லாமல் சுற்றினால் ஷாக்கைத் திரும்ப மாட்டலாம்.